தாழ்வாரத்தில் கரி அடுப்பு

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியே சென்று, பாலாற்றைக் கடந்து, காட்டினூடே வளைந்து வளைந்து ஏறும் பாதையில் போனால் மாதேஸ்வரன் மலையை அடையலாம். மைசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொள்ளேகாலும் ஹனூரும் வழி. மைசூரிலிருந்து தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இம்மலை இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னர், 1956 நவம்பர் முதல் தேதியன்று மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை, கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே சேலம், தருமபுரி, ஈரோட்டு மக்களுக்கு மாதேஸ்வரன் அயலூர்த் தெய்வம் அல்லர். அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் யுகாதிக்கும் அவர்கள் அங்கே திரளாகச் செல்வது இன்றும் வழக்கம். பெங்களூரிலும் மைசூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் வண்டி பிடித்துக்கொண்டு, பாத்திரம் பண்டத்தோடு, குழந்தை குட்டிகளோடு வந்து சேருகின்றன.

மலையின் பகல் வேறு, இரவு வேறு. கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை மயங்கும் முன்பே குளிர்காற்று வீசத் தொடங்கிவிடும். கோயிலில் அன்னதானம் உண்டு. எனினும் வெந்நீருக்கும், குழந்தைக்குப் பால் காய்ச்சுவதற்கும், கைகால்களைச் சூடாக்கிக்கொள்வதற்கும் ஒரு கரி அடுப்பு இருந்தால் தேவலை என்று தோன்றுவது இயற்கையே. முன்பெல்லாம் அது மண்ணாலோ இரும்பாலோ செய்த குமுட்டி அடுப்பாக இருந்தது. இக்காலத்தில் மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் மடித்து வைக்கத்தக்க பார்பிக்யூ அடுப்பாகவும் இருக்கிறது. உருவம் மாறியதே தவிர, உள்ளே எரிவது அதே கரிதான்.

அடுப்பை எங்கே மூட்டுவது? அறைக்குள் மூட்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வெட்டவெளியில் மூட்டினால் காற்று அலைக்கழிக்கிறது, தூறலும் விழுகிறது. இரண்டுக்கும் நடுவே, தலைக்கு மேல் கூரையும் முன்பக்கம் திறப்பும் கொண்ட தாழ்வாரம் ஒன்று தங்குமிடத்தில் இருக்கிறது. “இது வெளியிடந்தானே” என்று சொல்லிக்கொண்டு அங்கே அடுப்பை வைக்கிறோம். சற்று நேரத்தில் சாரல் அடிக்கிறது என்று ஒரு பக்கத்தில் தார்ப்பாயைக் கட்டுகிறோம். மற்றொரு பக்கத்தில் ஒரு பாட்டியம்மாள் குளிர் தாங்காமல் ஜமக்காளத்தைத் தொங்கவிடுகிறார். வெளியிடமாக இருந்தது ஒரு மணி நேரத்தில் அறையாகிவிடுகிறது. யாரும் அதை அறை என்று எண்ணுவதில்லை என்பதே அதில் உள்ள தீங்கு.

மலைக்குப் போனால் மட்டும் நேர்வதென்று இதை நினைக்கவேண்டாம். நகரங்களில் நம்மவர் வாழும் அடுக்குமாடி வீடுகளிலும் இதே நிலைதான். பால்கனி என்று கட்டிக் கொடுத்த இடத்துக்கு முதலில் இரும்புக் கிரில் வருகிறது. பிறகு புறா வலை, கொசுவலை, கடைசியில் தள்ளு கண்ணாடி. கிரில் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் தாழ்வாரத்தை அடைக்கும் இரும்புச் சட்டம் என்றுதான் பொருள். மேல்நாட்டிலோ கரித்தணலின்மீது வைத்து வாட்டும் கம்பிக்கும் அதுவே பெயர். அந்தக் கிரிலை இந்தக் கிரிலுக்குள் கொண்டுவந்து வைக்கக்கூடாது என்பதுதான் இப்பேச்சின் சாரம். அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். காரணம் தெரியாத தடையைக் குளிர்காலத்து இரவில் எவரும் மதிப்பதில்லை.

கரி எரியும்போது நடப்பது என்ன? போதிய காற்றுக் கிடைத்தால் கரியும் பிராணவாயுவும் சேர்ந்து கரியமில வாயு உண்டாகிறது. ஆனால் அடுப்பில் கரி குவியலாகக் கிடக்கிறது. அடியில் உண்டான கரியமில வாயு, மேலே தணலாய்ச் சிவந்திருக்கும் கரியின் ஊடே ஏறுகையில், அக்கரியோடு மறுபடியும் சேர்ந்து கார்பன் மானாக்ஸைடு என்னும் வேறொரு வாயுவாக மாறுகிறது. நன்றாகக் கனன்ற அடுப்பின் மேற்புறத்தில் நீல நிறமாகச் சிறு சுடர்கள் ஆடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வாயு எரிவதால் தோன்றும் சுடரே அது. சுடர் அடங்கிய பின்னர் அவ்வாயு எரியாமல் வெளியேறுகிறது.

இங்கேதான் நம் கண்ணும் மூக்கும் நம்மை ஏமாற்றுகின்றன. அடுப்பைப் பற்றவைக்கும்போது புகை எழுகிறது, கண் எரிகிறது, இருமுகிறோம், விலகி நிற்கிறோம். கால் மணி நேரத்தில் புகை நின்று, மேலே வெண்சாம்பல் பூத்து, தணல் அழகாகக் கனிந்துவிடுகிறது. “புகை போய்விட்டது, இனி உள்ளே எடுத்து வரலாம்” என்று சொல்லும் நேரம் அதுவே. புகை போனது உண்மை, நஞ்சு போகவில்லை. கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதும் இல்லை. சமையல் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு, அடுப்பை மறந்து படுத்த பின்னும் பல மணி நேரம் அது வெளிவந்துகொண்டே இருக்கும்.

உடலில் அது செய்யும் வேலையை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவர். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள்தான் நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் கொண்டுசெல்கிறது. அந்தச் சுமைகாரனைக் கார்பன் மானாக்ஸைடு பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது; எளிதில் இறங்குவதில்லை. மூச்சு வந்துபோகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் சேரவேண்டியது சேர்வதில்லை. பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் சிறு பறவைகளைக் கூண்டில் எடுத்துச் செல்லும் வழக்கம் இவ்வாயுவுக்காக ஏற்பட்டதே. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞரின் ஆராய்ச்சியால் அது பரவியது. 1986 வரையில் அந்நாட்டுச் சுரங்கங்களில் மனிதருக்கு முன்னே மயங்கி விழுவதற்கென்று கானரிப் பறவைகள் இருந்தன.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு 200 பங்கு கலந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 800 பங்கு இருந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிருக்கே கேடு. 1,600 பங்கு என்றால் ஒரு மணி நேரம் போதும். பத்து லட்சத்தில் 1,600 என்பது நூற்றில் ஒரு பங்கில் ஆறில் ஒன்றைவிடக் குறைவு! மூடிய சிறு இடத்தில் ஓர் அடுப்புக் கரி இந்த அளவை எட்டுவது அரிதன்று.

இனித் தாழ்வாரத்துக்கு வருவோம். சூடான காற்று மேலே எழுகிறது, கூரையில் முட்டுகிறது, அங்கே பரந்து, ஆறி, மெல்லக் கீழே இறங்குகிறது. மூன்று பக்கமும் திறந்து, நல்ல காற்றும் வீசினால் அது வெளியே அடித்துச் செல்லப்படும். கம்பி வலையோ கொசுவலையோ அடித்திருந்தால், கண்ணுக்கு எதிர்ப்புறம் தெரிகிறதே தவிர, காற்றின் ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வலைக்கு இந்தப்பக்கம் நின்று விளக்கை ஏற்றிப் பாருங்கள். அந்தப்பக்கம் அணைந்துபோகும் சுடர் இங்கே அசையாமல் நிற்கும். பார்வைக்கு வழிவிடுவதெல்லாம் காற்றுக்கும் வழிவிடும் என்று கொள்ளலாகாது.

இன்னொன்று. தாழ்வாரம் என்பது எப்போதும் ஒரு வீட்டை ஒட்டியே இருக்கிறது. அதன் பின்சுவரில் கதவும் ஜன்னலும் இருக்கின்றன. திறந்த பக்கத்திலிருந்து காற்று உள்நோக்கி வீசினால், அடுப்பின் வாயு அந்தக் கதவு ஜன்னல்களின் வழியே அறைக்குள்தான் செல்லும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்கள் நலமாக இருக்க, உள்ளே தூங்கும் குழந்தை மயங்கிக் கிடப்பது இவ்வாறுதான் நேர்கிறது. இவ்வாயு கனமானது, தரையோடு தங்கும், ஆகவே கட்டில்மேல் படுத்தால் பயமில்லை என்று சிலர் கருதுகிறார்கள். அது தவறு. காற்றைவிட அது மிகச் சிறிதளவே இலேசானது. காற்றோடு கலந்து எங்கும் நிறையும்.

நடந்தவற்றைச் சொன்னால்தான் இது வெறும் ஏட்டுப் பேச்சாகத் தோன்றாது. 2024 ஆகஸ்டு மாதத்தில், திருச்சிப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் சென்ற நண்பர்கள் சிலர், தங்குமிடத்தில் இரவு பார்பிக்யூ அடுப்பில் கோழி வாட்டிச் சாப்பிட்டார்கள். குளிர் மிகுதியாக இருந்தது. தணல் இருந்த அடுப்பு அறைக்குள் வந்தது, கதவு சாத்தப்பட்டது. காலையில் அவர்களில் இருவர் எழவில்லை. சமைத்தபோது எவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பதைக் கவனியுங்கள். சமையலுக்காக மூட்டிய தீ கணப்பாக மாறிய பிறகே அது கொன்றது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலைவாசஸ்தலத்தில் நேர்ந்தது இதனினும் கொடியது. கேரளத்திலிருந்து சுற்றுலாச் சென்ற 15 பேரில் எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்தார்கள். அவர்களுள் நால்வர் குழந்தைகள். குளிருக்காக வாயுவில் எரியும் கணப்பு ஒன்றை வைத்துக்கொண்டு கதவு ஜன்னல்களை உட்புறம் தாழிட்டிருந்தார்கள். எட்டுப் பேரும் மாண்டனர். வெப்பநாட்டு மக்களாகிய நாம் குளிரை அஞ்சுவதுபோல் அனலை அஞ்சுவதில்லை. ஊட்டியிலோ சிம்லாவிலோ பிறந்து வளர்ந்தவர்கள் ஜன்னலில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுப் படுக்கப் பழகியிருப்பார்கள். நாமோ குளிர் என்றவுடன் முதற்காரியமாக எல்லாத் துவாரங்களையும் அடைக்கிறோம்.

வடநாட்டில் வாழும் நேயர்களுக்கு அங்கீட்டி என்னும் கரியடுப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லியில் அதனால் உயிர்ச்சேதம் ஏற்படுகிறது. 2024 ஜனவரியில் தில்லியின் அலிப்பூர்ப் பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் அவ்வாறு இறந்தனர். கர்நாடகத்திலேயே, 2025 நவம்பரில், பெளகாவி நகரில் அறைக்குள் கரி மூட்டிப் படுத்த இளைஞர்கள் மூவர் இறந்தார்கள்.

அடையாளங்களை அறிந்து வைத்துக்கொள்வது அவசியம். முதலில் மந்தமான தலைவலி, அசதி, தலைசுற்றல். பிறகு குமட்டல், வாந்தி. கால்கள் துவண்டுபோதல், பேச்சுக் குழறல், மயக்கம். பயண அலைச்சல் என்றும், வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், பித்தம் என்றும் இதற்கு நாம் பெயர் வைத்துவிடுவோம். ஒருவருக்கு மட்டுமன்றி ஓரிடத்தில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வெளியே போனதும் அது குறைந்தால், காரணம் அடுப்பே. தூங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடுகிறது. கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கருத்தாக இருக்கவேண்டும். தாய்க்குச் சிறு தலைவலியோடு போவது வயிற்றிலுள்ள சிசுவைப் பெரிதும் பாதிக்கக்கூடும்.

அப்படி ஒருவர் மயங்கிக் கிடந்தால் செய்யவேண்டியது இதுதான்: கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து, அவரை உடனே வெட்டவெளிக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும். உள்ளே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால், தெளிப்பவரும் விழுவார். எலுமிச்சம்பழம், வெங்காயம், மோர் முதலியவற்றால் பயனில்லை. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றுவது தனி ஆபத்து. 108 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, “கரிப்புகை நஞ்சு” என்பதை முதலிலேயே கூறிவிடுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியே முழுப் பிராணவாயு கொடுத்தால் அது ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. கண்விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடக்கூடாது. நினைவுக்குறைவும் தடுமாற்றமும் சில நாட்களோ வாரங்களோ கழித்து வெளிப்படுவதுண்டு.

இங்கே ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்கவேண்டும். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பிராணவாயு அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் என்ற சிறு கருவி பல வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கரிப்புகை நஞ்சில் அதை நம்பக்கூடாது. ஹீமோகுளோபினின்மேல் ஏறியிருப்பது பிராணவாயுவா, கார்பன் மானாக்ஸைடா என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். கார்பன் மானாக்ஸைடு மிகுந்தால் ஒலியெழுப்பும் வேறு கருவி தனியே விற்கிறது. குளிர்ப்பிரதேசத்தில் வசிப்பவர்களும் அடிக்கடி மலைப்பயணம் செய்பவர்களும் அதை வாங்கிக்கொள்வது நல்லது. ஆயினும் கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் அடுப்பை உள்ளே கொண்டுவருவது கருவி இல்லாததைவிட மோசம்.

நஞ்சைப் பற்றியே இதுவரை பேசினேன். நெருப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். கூரைக்குக் கீழ் அடுப்பு வைத்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் கண்டது. பள்ளிச் சமையற்கட்டில் எழுந்த தீ கீற்றுக்கொட்டகையைப் பற்றி, 94 குழந்தைகள் மாண்டார்கள். யாத்திரை நிமித்தம் செல்பவர்கள் நினைவில் வைக்கவேண்டியது 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி மதுரை ரயில் நிலையத்தருகே நடந்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிப்பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டுவந்திருந்த சமையல் எரிவாயு உருளையால் விடியற்காலையில் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தனர். அயலூரில், பழகாத இடத்தில், நம் ஊர்க் காப்பியை நம் கையால் போட்டுக் குடிக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் புரியாததன்று. ஆனால் அடுப்பு மூட்டத்தக்க இடம் எது என்று பார்த்த பின்னரே அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவேண்டும்.

மேல்நாட்டுத் தீயணைப்புத் துறையினர் பலரும் கூறும் கணக்கு பத்தடி. அதாவது வீட்டுச் சுவர், கூரையின் விளிம்பு, மரக்கிளை, துணிப்பந்தல் ஆகியவற்றிலிருந்து அடுப்பு குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். இதை இருட்டில் அளக்க நம் நடையில் நான்கு எட்டு வைத்தால் போதும். நைலான் பந்தலும் பிளாஸ்டிக் தார்ப்பாயும் கீற்றைவிடக் கொடியவை; பற்றியவுடன் உருகித் துளித்துளியாகத் தலையில் விழும். மண்ணெண்ணெயைத் தணல்மீது ஊற்றுவதை அடியோடு விட்டுவிடவேண்டும். அணைந்ததுபோல் தோன்றும் தணலில் அது ஆவியாகிப் பக்கென்று முகத்தில் பற்றும். காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று, புடைவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளி மணலோ நீரோ வைத்துக்கொண்டு, தரைமீது ஆடாமல் நிற்கும்படி அடுப்பை அமைக்கவேண்டும். மூட்டியவர் அணைக்கும் வரை அங்கேயே இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கோயில் மணி அடித்தது, தரிசனத்துக்கு ஓடினோம் என்பதெல்லாம் பிறகு சொல்லும் சமாதானங்கள்.

எரிவாயுவில் இயங்கும் பார்பிக்யூ அடுப்பு வைத்திருப்பவர்கள் கரி இல்லையே என்று நிம்மதி கொள்ளலாகாது. காற்றுப் போதாத இடத்தில் அதுவும் கார்பன் மானாக்ஸைடை வெளியிடும். அதோடு, சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. குழாயில் கசிந்தால் தரையில் படிந்து பரவும். பால்கனியின் கைப்பிடிச் சுவர் ஒரு தொட்டியின் கரைபோல் அதைத் தேக்கி வைக்கும். பிறகு ஒரு தீக்குச்சி போதும். கசிவு தெரிந்தால் மின்விசையைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. உருளையை மூடிவிட்டு வெளியேறி, இந்தியா முழுவதற்கும் பொதுவான 1906 என்ற எண்ணைக் கூப்பிடவேண்டும்.

மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் யோசனை எளிது: அடுப்பை மூடிவிட்டு, கோயிலில் கிடைப்பதைச் சாப்பிடுங்கள். அதுவும் இயலாது, கூரையின்கீழ்தான் செய்தாக வேண்டும் என்றால், கல்நாரோ கான்கிரீட்டோ தகரமோ வேய்ந்த உயரமான கூரையாகவும், மூன்று பக்கமும் வலையோ பாயோ இன்றித் திறந்ததாகவும் அது இருக்கவேண்டும். கூரையின் வெளிவிளிம்பை ஒட்டி அடுப்பை வைத்து, அறைக்குச் செல்லும் கதவையும் ஜன்னலையும் சாத்தி, சமையல் முடிந்த அந்தக் கணமே அடுப்பை வெட்டவெளிக்கு அகற்றிவிடவேண்டும். இத்தனை நிபந்தனைகளும் பொருந்தும் தாழ்வாரம் நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும்.

அயல்மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு, அது மொழி. 1993 ஜனவரியில் அமெரிக்காவின் ஸியாட்டில் நகர வட்டாரத்தைக் கடும் சூறைக்காற்று தாக்கி, மின்சாரம் நின்று வீடுகள் குளிர்ந்துபோயின. சிலர் பார்பிக்யூக் கரியை வீட்டுக்குள் மூட்டினார்கள். கரியால் விஷமேறி மருத்துவமனைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் சிறுபான்மையினருமே. பலருக்கு ஆங்கிலம் தெரியாது. கரிப்பையின்மீது எச்சரிக்கை அச்சிட்டுத்தான் இருந்தது. அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டில் எழுத்தோடு படமும் பையில் இருக்கவேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. கர்நாடகத்துச் சத்திரத்தில் சுவரிலுள்ள கன்னட அறிவிப்பைப் பார்த்து நாம் தலையாட்டிவிட்டுப் போகிறோம் அல்லவா? அது செருப்பைப் பற்றியதாகவும் இருக்கலாம், அடுப்பைப் பற்றியதாகவும் இருக்கலாம். தங்குமிடத்துக் காவலரை அழைத்து, “இத்திலு”, “ஒலெ” என்ற இரண்டு சொற்களைச் சொல்லிக் கையைக் காட்டினால் போதும். இத்திலு என்றால் கரி, ஒலெ என்றால் அடுப்பு. எங்கே மூட்டலாம் என்பதை அவர் காட்டிவிடுவார்.

சமையல் முடிந்தபின் தணலை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடியுள்ள அடுப்பானால் மூடியைப் போட்டுக் காற்றுத் துவாரங்களை அடைத்து வெளியிலேயே விட்டுவிடலாம், தானே அணையும். குமுட்டியானால் தணலை வாரித் தரையில் பரப்பி, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, குச்சியால் கிளறி, மறுபடி தெளிக்கவேண்டும். ஒரேயடியாகக் குடத்தைக் கவிழ்த்தால் கொதிநீராவி முகத்தில் அடிக்கும். மாதேஸ்வரன் மலையைச் சுற்றியுள்ள காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். சிவராத்திரிக் காலத்தில் மூங்கிலும் புல்லும் காய்ந்து சருகாக நிற்கும். அதே மாவட்டத்திலுள்ள பந்திப்பூர்க் காட்டில் 2019 பிப்ரவரியில் பரவிய தீ ஆயிரக்கணக்கான ஏக்கரை அழித்தது. ஆகையால் காட்டோரத்தில் தணலைக் கொட்டுவது கூடவே கூடாது. சாம்பலைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்துச் சூடு அறவே இல்லையென்று தெரிந்த பின்னரே மூடியுள்ள தகர டின்னில் அள்ளவேண்டும். மேலே குளிர்ந்த சாம்பலின் அடியில் ஒரு நாள் கழித்தும் கங்கு உயிரோடு இருப்பதுண்டு. அது வரை அந்த டின் தாழ்வாரத்துக்கு வெளியே, படியிலிருந்து நான்கு எட்டு தள்ளியே இருக்கட்டும்.